முதல் ஒட்டுத்துணிப் போர்வை: கையிலா, மெஷினிலா, இரண்டிலுமா?

துண்டுத் துணிகளைச் சேர்த்து ஒரு போர்வை தைத்துப் பார்க்கலாமே என்று ஆசை வந்தவுடன் எல்லோருக்கும் முதலில் எழும் கேள்வி, கையால் தைப்பதா மெஷினில் தைப்பதா என்பதுதான். கேள்வி நியாயமானது. அதை ஒரே கேள்வியாகக் கேட்பதில்தான் சிக்கல் இருக்கிறது, ஏனென்றால் குயில்ட் என்கிற இந்த ஒட்டுத்துணிப் போர்வை ஒரு வேலை இல்லை, மூன்று வேலை. துண்டுகளை இணைத்து மேல்துணி ஆக்குவது முதல் வேலை. மேல்துணி, நடுவில் பஞ்சு, அடித்துணி ஆகிய மூன்றையும் அடுக்கி ஊடுருவத் தைத்துப் பிடிப்பது இரண்டாவது. குயில்ட்டிங் என்று சொல்வது இதைத்தான். சுற்றிலும் ஓரத்துக்குப் பட்டி வைத்து மூடுவது மூன்றாவது. மூன்றுக்கும் தனித்தனியாக முடிவெடுக்கலாம், எடுக்கவும் வேண்டும். ஒரே முறையில்தான் எல்லாம் என்று ஆரம்பித்தவர்களின் போர்வைதான் பெரும்பாலும் பாதியில் மடித்து அலமாரியில் போகிறது.

முழுக்கக் கையால் தைத்தால்தான் அது கைவேலை என்று சிலர் அடம்பிடிப்பார்கள். குயில்ட்டின் வரலாறு அவர்கள் பக்கம் இல்லை. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் லான்காஸ்டர் வட்டாரத்தில் பழைய வாழ்க்கை முறையை விடாத ஆமிஷ் என்ற கிறிஸ்தவப் பிரிவுப் பெண்கள் மின்சாரத்தையே வேண்டாம் என்று வைத்தவர்கள், ஆனாலும் துண்டுகளை இணைக்கக் காலால் மிதிக்கும் மெஷினைத் தயங்காமல் பயன்படுத்தினார்கள். அதன் மேல் போடும் நுணுக்கமான குயில்ட்டிங்கைக் கையால் செய்தார்கள். ஜார்ஜியாவில் அடிமையாகப் பிறந்த ஹாரியட் பவர்ஸ் 1880களில் தைத்த பைபிள் குயில்ட் இன்று ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது, அதிலும் கைத்தையலும் மெஷின் தையலும் கலந்தே இருக்கின்றன. ஆகவே கலந்து தைப்பது ஏமாற்று வேலை இல்லை.

ஒப்பிட வசதியாக ஓர் அளவை வைத்துக்கொள்வோம்: 48 அங்குல அகலம், 64 அங்குல நீளம். உட்கார்ந்தபடி காலுக்குப் போர்த்திக்கொள்ளப் போதும், முதல் முறைக்கு மலைப்பாகவும் இருக்காது. தைத்து முடித்தபின் 4 அங்குலம் வரும் சதுரங்களால் இதை நிரப்பினால் குறுக்கே 12, நெடுக்கே 16, மொத்தம் 192 சதுரம். வெட்டும்போது ஒவ்வொன்றும் 4½ அங்குலம், காரணம் நான்கு பக்கமும் கால் அங்குலம் தையலுக்குள் போய்விடும். இவ்வளவையும் இணைக்க ஏறக்குறைய 36 மீட்டர் தையல் போட வேண்டும். இந்த 36 மீட்டரை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், மற்றதையெல்லாம் இதனோடுதான் ஒப்பிடப் போகிறேன்.

முதலில் நேரம்

எது அழகு, எது உறுதி என்பதற்கெல்லாம் முன்னால் பார்க்க வேண்டியது உங்களுக்கு நேரம் எப்படிக் கிடைக்கிறது என்பது. எவ்வளவு கிடைக்கிறது என்று கேட்கவில்லை, எப்படி என்று கேட்கிறேன். சிலருக்கு வாரத்தில் ஒரு நாள் மூன்று நான்கு மணி நேரம் சேர்ந்தாற்போல் கிடைக்கும், மேசையை விரித்து, மெஷினை எடுத்து வைத்து, அயர்ன் பாக்ஸைச் சூடாக்கி, ஒரே மூச்சில் வேலை பார்க்கலாம். வேறு சிலருக்கு அரை மணி, கால் மணி என்று உதிரியாகத்தான் வரும்: பேருந்தில், மருத்துவமனை வரிசையில், குழந்தை தூங்கும்போது. முதல் வகைக்கு மெஷின், இரண்டாம் வகைக்குக் கை. மெஷின் வேகமானதுதான், ஆனால் எடுத்து வைக்கவும் ஒழித்து வைக்கவும் ஆகும் நேரத்தை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. உதிரி நேரக்காரர் மெஷினை நம்பினால் மாதக்கணக்கில் ஒரு தையலும் ஓடாது. கைத்தையலில் ஒரு சின்ன டப்பாவுக்குள் ஊசி, நூல், கத்தரி, வெட்டி வைத்த பத்து இருபது துண்டுகள் அடங்கிவிடும்.

இன்னொன்று, உடம்பு. மணிக்கட்டிலோ கட்டைவிரல் மூட்டிலோ வலி உள்ளவர்கள் கைத்தையலை அளவாக வைத்துக்கொள்ள வேண்டும். கழுத்து, தோள்பட்டை வலி உள்ளவர்களுக்கு மெஷினில் பெரிய போர்வையைத் தள்ளி இழுப்பதுதான் கஷ்டம். இந்த ஒரு காரணத்துக்காகவே முடிவு மாறலாம்.

துண்டுகளை இணைப்பது: நான்கு வழி

மெஷினில் இணைப்பதில் வேகம் அபாரம். இரண்டிரண்டு துண்டுகளாக ஊசிக்கடியில் நூலை வெட்டாமல் ஒன்றன்பின் ஒன்றாக விட்டுக்கொண்டே போகலாம், கடைசியில் தோரணம் மாதிரி நீளமாக வந்து விழும், பிறகு வெட்டிப் பிரித்து அயர்ன் செய்தால் போதும். ஆனால் இதில் துல்லியம் வெட்டும்போதே வந்துவிட வேண்டும். மெஷினில் கோடு வரைந்து தைப்பதில்லை, துணியின் வெட்டிய ஓரத்தைப் பார்த்துத்தான் கால் அங்குலம் தள்ளித் தைக்கிறோம். வெட்டு கோணலானால் தையலும் கோணல். அதனால்தான் சக்கரம்போல் உருளும் ரோட்டரி கட்டர், அதற்கான பாய், கண்ணாடிபோல் இருக்கும் அக்ரிலிக் ஸ்கேல் மூன்றும் தேவைப்படுகின்றன. ஓல்ஃபா நிறுவனம் 1979இல் இந்தக் கட்டரைக் கொண்டுவந்த பிறகுதான் மெஷின் குயில்ட் இவ்வளவு வேகம் பிடித்தது. அட்டையில் அச்சு வெட்டி, பென்சிலால் வரைந்து, கத்தரியால் வெட்டியும் செய்யலாம், நேரம் கூடும், அவ்வளவுதான்.

அந்தக் கால் அங்குலத்தைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும், ஏனென்றால் மெஷினில் ஆரம்பிப்பவர்கள் தடுமாறுவது இங்கேதான். எல்லாமே ஒரே அளவுச் சதுரமாக இருந்தால் உங்கள் கால் அங்குலம் ஒரு மில்லிமீட்டர் கூடினாலும் ஒன்றும் ஆகாது, போர்வை கொஞ்சம் சின்னதாக வரும், மூலைகள் எல்லாம் பொருந்தும். தையல் அதிகமுள்ள கட்டமும் தையலே இல்லாத கட்டமும் பக்கத்தில் பக்கத்தில் வரும்போதுதான் வில்லங்கம். ஒன்பது சின்னச் சதுரம் சேர்த்த ஒரு கட்டத்தை, 6½ அங்குலத்தில் முழுசாக வெட்டிய வெற்றுச் சதுரத்துக்குப் பக்கத்தில் வைக்கிறீர்கள் என்று வையுங்கள்; ஒவ்வொரு தையலிலும் இரண்டு பக்கத் துணியும் ஒரு மில்லிமீட்டர் அதிகமாக உள்ளே போனால் இரண்டு தையலில் 4 மில்லிமீட்டர் குறைந்துவிடும், இரண்டும் சேராது, இழுத்துப் பிடித்துத் தைத்தால் சுருங்கும். ஆரம்பிக்கும் முன் ஒரு சோதனை செய்துவிடுங்கள். 1½ அங்குல அகலப் பட்டிகள் மூன்றைச் சேர்த்துத் தைத்து, அயர்ன் செய்து, நடுப்பட்டியை அளந்து பாருங்கள். சரியாக 1 அங்குலம் இருந்தால் உங்கள் மெஷின் தயார். இல்லையென்றால் ஊசியின் இடத்தையோ, மெஷின் மேல் ஒட்டும் வழிகாட்டி டேப்பையோ நகர்த்துங்கள். தையல் நீளம் 2 முதல் 2½ மில்லிமீட்டர் போதும்.

அடுத்தது கையால் ஓட்டுத்தையல். இதில் தலைகீழ்: வெட்டு எப்படி இருந்தாலும் பரவாயில்லை, கோடுதான் முக்கியம். அச்சை வைத்துத் துணியின் பின்பக்கம் தையல் கோட்டைப் பென்சிலால் வரைந்து, சுற்றிலும் குத்துமதிப்பாகக் கால் அங்குலம் விட்டுக் கத்தரியால் வெட்டிவிடலாம். இரண்டு துண்டின் கோடுகளும் ஒன்றன்மேல் ஒன்று விழும்படி குண்டூசி குத்தி, கோட்டின் ஒரு முனைப் புள்ளியிலிருந்து மறுமுனைப் புள்ளி வரை மட்டும் தைக்க வேண்டும், ஓரத்தில் விட்ட துணியைத் தைக்கக் கூடாது. சின்ன விஷயமாகத் தெரியும் இதுதான் கைத்தையலின் பெரிய வசதி. மூன்று துண்டுகள் ஒரே புள்ளியில் சந்திக்கும் வடிவங்கள், உள்ளே வளையும் வடிவங்கள், எட்டு முனை நட்சத்திரம் போன்றவை மெஷினில் பாடாய்ப் படுத்தும், கையில் சாதாரணமாக வந்துவிடும். நம் 192 சதுரப் போர்வைக்கு அங்குலத்துக்கு 8 தையல் என்று வைத்தால் பதினோராயிரத்துக்கு மேல் தையல் வரும். கேட்க மலைப்பாக இருக்கிறதா? ஊசியில் ஒரே நேரத்தில் நாலைந்து தையலை ஏற்றி இழுப்பதால் அவ்வளவு பயம் வேண்டாம். ஒவ்வொரு தையல் வரிசையின் முடிவிலும் பின்தையல் போட்டு இறுக்குவதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

மூன்றாவது, காகித அச்சு வைத்துத் தைப்பது. தடித்த காகிதத்தில் அறுகோணம் வெட்டி, துணியை அதன் மேல் மடித்து நூலாலோ பசையாலோ பிடித்து, மடிப்பு ஓரங்களைச் சேர்த்து மேலாகச் சின்னச் சின்னத் தையல் போடுவார்கள். சுற்றிலும் ஆறு பக்கமும் இணைந்தபின் காகிதத்தை உருவிவிடலாம். இங்கிலாந்தில் ரொம்பப் பழைய முறை இது. பிரிட்டனில் குயில்ட் தைப்பவர்களின் சங்கமான குயில்டர்ஸ் கில்ட் பாதுகாத்து வரும் பட்டுத்துணி ஒட்டுவிரிப்பு 1718ஆம் ஆண்டைச் சேர்ந்தது, அதுவும் காகிதத்தின் மேல் தைத்ததுதான். காகிதம் உள்ளே இருப்பதால் துல்லியம் தானாக வரும், தையலே தெரியாதவருக்கும் மூலைகள் பொருந்தும். ஆரம்பித்தால் விடமுடியாத அளவுக்குப் பழக்கம் பிடித்துக்கொள்ளும் முறையும் இதுதான்.

ஆனால் கணக்கைப் பாருங்கள். எல்லோரும் ஆசைப்படும் 1 அங்குலப் பக்க அறுகோணத்தால் 48க்கு 64 போர்வையை நிரப்ப ஏறத்தாழ 1,180 துண்டு வேண்டும், இணைக்க 90 மீட்டர் தையல். அங்குலத்துக்கு 12 தையல் என்று வைத்தாலே 42,000 தாண்டும், காகிதத்தில் துணியை மடித்துப் பிடிக்கும் வேலை தனி. சதுரத்தின் 36 மீட்டர் எங்கே, இது எங்கே! வருஷங்கள் இழுக்கும் வேலை என்று தெரிந்தே இறங்கினால் சரி, மெதுவாகப் போவதே சிலருக்கு இன்பம். சீக்கிரம் போர்த்திக்கொள்ள வேண்டும் என்றால் பக்கம் 2 அங்குலம் உள்ள அறுகோணத்தை எடுங்கள், 300க்குள் முடிந்துவிடும், தையலும் பாதியாகக் குறையும். இல்லாவிட்டால் ஒரு தலையணை உறையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

நான்காவது வழியைப் பலர் கணக்கிலேயே எடுப்பதில்லை, எனக்கு அது வருத்தம். கர்நாடகத்தில் வாழும் சித்தி சமூகப் பெண்கள், ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்களின் வழித்தோன்றல்கள், பழைய துணிகளைக் கொண்டு கவாண்டி என்ற போர்வை தைக்கிறார்கள். மேல்துணியை முதலில் செய்துகொண்டு பிறகு அடுக்குவது என்ற பேச்சே அங்கே இல்லை. அடித்துணியை விரித்து, மூலையில் ஆரம்பித்து, துண்டுகளின் ஓரத்தை மடித்து மடித்து அதன் மேல் வைத்து ஓட்டுத்தையல் போட்டுக்கொண்டே ஓரமாகச் சுற்றி நடுவுக்கு வந்து முடிக்கிறார்கள். இணைப்பதும் குயில்ட்டிங்கும் ஒரே தையலில் முடிந்துவிடுகின்றன, ஓரமும் ஆரம்பத்திலேயே மடித்துத் தைத்தாகிவிடுவதால் பட்டியும் வேண்டாம். அளவுகோல் வேண்டாம், கால் அங்குலக் கவலை வேண்டாம், கையில் இருக்கும் துண்டு எந்த அளவோ அந்த அளவு. மூன்று வேலையை ஒன்றாக்கிய முறை இது. குறை என்னவென்றால் ஆரம்பத்திலிருந்தே முழு விரிப்பையும் மடியில் தூக்கி வைத்துக்கொண்டு தைக்க வேண்டும், பேருந்தில் கொண்டுபோக முடியாது. வடிவம் எப்படி வரும் என்று முன்கூட்டிப் பார்க்கவும் முடியாது. பொதுவாக நடுவில் தடித்த பஞ்சும் வைப்பதில்லை, அதனால் மெல்லிய போர்வைதான். வெப்பமான இடத்தில் இருப்பவருக்கு அது குறையே இல்லை. வங்காளத்துக் கந்தா போர்வைகளும் பழைய புடவை, வேட்டிகளை அடுக்கி ஓட்டுத்தையல் போட்டவைதான், அங்கேயும் துணி அடுக்கே கதகதப்பைத் தருகிறது.

வடிவம் முடிவு செய்தால் முறை பாதி முடிவாகிவிடும்

பலர் முறையை முடிவு செய்துவிட்டு வடிவத்தைத் தேடுகிறார்கள். நான் எதிர்த்திசையில் போகச் சொல்வேன். சதுரம், நீள்சதுரம், பட்டி என்று நேர்கோட்டில் அடங்கும் வடிவமா, மெஷின். வளைவும் கூர்முனையும் பல கோணச் சந்திப்புமா, கை. நடுவில் ஒரு சதுரம் வைத்து, அதைச் சுற்றிப் பட்டிகளை ஒவ்வொன்றாகச் சேர்த்து வளரும் லாக் கேபின் கட்டம் மெஷினுக்கென்றே பிறந்ததுபோல் இருக்கும், ஒரு பாதிக்கு வெளிர் துணி, மறு பாதிக்கு அடர் துணி என்று வைத்தால் ஒரே கட்டத்தைத் திருப்பித் திருப்பி அடுக்கியே வைரம், படிக்கட்டு, கோணல் வரி என்று ஏகப்பட்ட தோற்றம் கிடைக்கும். முதல் போர்வைக்கு இதைவிட நல்ல வடிவம் எனக்குத் தெரியவில்லை.

முக்கோணத்தில் மட்டும் கவனம் தேவை. சதுரத்தைக் குறுக்கே வெட்டினால் அந்த நீண்ட பக்கம் கிராஸில், அதாவது நெசவுக்குக் கோணலாக வரும், தொட்டாலே இழுபடும். வெட்டிவிட்டுத் தைக்காமல், தைத்துவிட்டு வெட்டுங்கள்: வெளிரும் அடருமாக இரண்டு சதுரத்தை முகத்தோடு முகம் வைத்து, குறுக்குக் கோடு வரைந்து, அதன் இரண்டு பக்கமும் கால் அங்குலம் தள்ளித் தைத்துப் பிறகு கோட்டில் வெட்டினால் இரண்டு கட்டம் தயார். முடிவில் வேண்டிய அளவைவிட ⅞ அங்குலம் பெரிதாகச் சதுரத்தை வெட்டினால் கணக்கு சரியாக வரும், நான் முழு 1 அங்குலம் கூட்டி வெட்டிவிட்டுப் பின்னால் ஸ்கேல் வைத்து ஒழுங்காக்குவதையே விரும்புவேன்.

திட்டமிட்ட கட்டங்களா, மனம்போன போக்கா என்ற கேள்வியும் உண்டு. அலபாமாவின் ஜீஸ் பெண்ட் கிராமத்துக் கறுப்பினப் பெண்கள் தேய்ந்த வேலை உடுப்புகளைக் கொண்டு தைத்த போர்வைகள் 2002இல் ஹூஸ்டனிலும் நியூயார்க்கிலும் அருங்காட்சியகங்களில் தொங்கியபோது பார்த்தவர்கள் நவீன ஓவியத்தோடு அவற்றை ஒப்பிட்டார்கள். அந்தச் சாய்வும் கோணலும் தற்செயல்போலத் தெரியும், அவர்கள் கண்ணுக்குள் இருந்த கணக்கு நமக்கு ஒரே நாளில் வராது. ஸ்கேல் இல்லாத மனப்போக்கு வேலை பார்க்க எளிது என்று நினைத்து இறங்கும் புதியவர்களின் மேல்துணி நடுவில் குடைபோல் எழும்பிக்கொண்டு, தரையில் விரித்தால் படியாமல் நிற்கும். அதற்கு ஒரு நடுவழி இருக்கிறது. ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் இஷ்டம்போல் வெட்டித் தையுங்கள், முடிந்ததும் எல்லாக் கட்டங்களையும் ஒரே அளவுக்கு, உதாரணமாக 12½ அங்குலத்துக்கு, நறுக்கிவிடுங்கள். உள்ளே சுதந்திரம், வெளியே ஒழுங்கு.

எந்த வடிவமானாலும் நிறத்தைவிட வெளிர், அடர் வேறுபாடுதான் கண்ணுக்கு முதலில் படும். சிவப்பும் பச்சையும் பளிச்சென்று எதிரெதிராக இருப்பதாகத் தோன்றும், இரண்டும் ஒரே அடர்த்தியாக இருந்தால் தள்ளி நின்று பார்க்கும்போது வடிவம் கரைந்துபோகும். துணிகளைத் தரையில் பரப்பி, கைபேசியில் கறுப்பு வெள்ளையாக ஒரு படம் எடுத்துப் பாருங்கள். வடிவம் படத்திலும் தெரிந்தால் தைக்கலாம்.

துணியும் நடுப்பஞ்சும்

குயில்ட்டுக்கென்று விற்கும் பருத்தித் துணி 42 முதல் 44 அங்குல அகலத்தில் வரும், ஒரே கனம், ஒரே நெசவு, முதல்முறை தைப்பவருக்குத் தொந்தரவு இல்லை. பழைய துணியில் நினைவு இருக்கிறது, செலவும் இல்லை, ஆனால் ஒரே போர்வைக்குள் பலவகைத் துணி சேரும்போது வேலை கூடும். பருத்திச் சட்டைகள் அருமையாக வரும். டி-ஷர்ட் இழுபடும், பின்னால் ஒட்டும் கேன்வாஸை அயர்ன் செய்து ஒட்டினால்தான் நிற்கும். நைலக்ஸ், பாலியெஸ்டர் வகையறாவைப் பருத்தியோடு கலந்தால் அயர்ன் சூட்டில் ஒன்று சரியாக இருக்கும்போது இன்னொன்று உருகும். நைந்த புடவையை மேலே வைக்காதீர்கள், முதலில் கிழிவது அதுதான். உள்ளடுக்குக்கு அது நல்லது. எதுவானாலும் துவைத்துவிட்டுத் தைக்கலாம், குறிப்பாக அடர் சிவப்பும் இண்டிகோ நீலமும். ஈர வெள்ளைத்துணியால் தேய்த்துப் பார்த்து, சாயம் ஒட்டினால் இன்னொரு முறை துவையுங்கள்.

கையால் தைக்கப் போகிறீர்கள் என்றால் நெருக்கமான நெசவை ஒதுக்குங்கள். பாத்திக் துணி, உயர்ரகப் படுக்கை விரிப்பு இரண்டிலும் ஊசி ஏறுவதற்குள் விரல் நோகும். படுக்கை விரிப்பை அடித்துணியாக வைக்கலாமே என்ற யோசனை மெஷினுக்குப் பொருந்தும், கைக்குப் பொருந்தாது.

நடுவில் வைக்கும் பேட்டிங்கிலும் அதேபோலத்தான். முழுப் பருத்தி தட்டையாக இருக்கும், முதல் துவைப்பில் 3 முதல் 5 சதவீதம் சுருங்கி அந்தப் பழைய போர்வைச் சுருக்கத்தைத் தரும். 80 சதவீதம் பருத்தியும் 20 சதவீதம் பாலியெஸ்டரும் கலந்தது மெஷினுக்கு எல்லா வகையிலும் ஒத்துழைக்கும், முதல் போர்வைக்கு அதையே சொல்வேன். கம்பளிப் பேட்டிங்கில் ஊசி வெண்ணெயில் போவதுபோல் போகும், கைத்தையல்காரர்களுக்கு அது வரம், விலைதான் கூடுதல். உப்பலான பாலியெஸ்டர், முடிச்சுப் போட்டு முடிக்கும் போர்வைக்கு. வாங்கும்போது இரண்டு விஷயம் பாருங்கள்: தையலுக்குத் தையல் எவ்வளவு இடைவெளி விடலாம் என்று உறையிலேயே போட்டிருப்பார்கள், அதைத் தாண்டினால் உள்ளே பஞ்சு திரளும், மெல்லிய வலை சேர்த்துக் கெட்டியாக்கிய வகையா என்றும் பாருங்கள், அது மெஷினுக்கு நல்லது, கையூசிக்கு எதிரி.

மூன்று அடுக்கையும் பிடிப்பது

என் கருத்தில் உண்மையான முடிவு இங்கேதான் இருக்கிறது. இணைக்கும் வேலையில் கையில் இருப்பது இரண்டு சின்னத் துண்டு, எந்த முறையும் தாங்கும். இங்கே கையில் இருப்பது ஒரு முழுப் போர்வை.

வீட்டு மெஷினில் ஊசிக்கு வலப்பக்கம் இருக்கும் இடைவெளி சாதாரணமாக 6 முதல் 8 அங்குலம்தான். 48 அங்குலப் போர்வையின் பாதியைச் சுருட்டி அந்தச் சந்துக்குள் நுழைத்து, மீதியை மேசையிலும் தோளிலும் தாங்கிக்கொண்டு தைக்க வேண்டும். நேர்கோடுகள் மட்டும் போடுவதாக இருந்தால், மேல் கீழ் இரண்டு பக்கத் துணியையும் சேர்த்து நகர்த்தும் வாக்கிங் ஃபுட் மாட்டி நிதானமாகச் செய்துவிடலாம். அது இல்லாமல் சாதாரண ஃபுட்டில் தைத்தால் மேல்துணி முன்னால் தள்ளிக்கொண்டு போய் மடிப்பு விழும். துண்டுகள் சேரும் பள்ளத்திலேயே தைத்தால் தெரியாது என்பார்கள், என் அனுபவத்தில் அங்கேதான் ஒரு நூல் விலகினாலும் பளிச்சென்று தெரியும். பள்ளத்திலிருந்து கால் அங்குலம் தள்ளி இரண்டு பக்கமும் கோடு போடுவது எளிது, பார்க்கவும் வேண்டுமென்றே செய்ததுபோல் இருக்கும். துணியைத் தள்ளும் மெஷின் பல்லை இறக்கிவிட்டு, துணியைக் கையால் நகர்த்திப் பூவும் கொடியும் வரையும் முறை அழகுதான், தனியாக நிறையப் பயிற்சி கேட்கும். முதல் போர்வையில் அதைக் கற்றுக்கொள்ள முயல வேண்டாம், பழைய துணியில் பஞ்சு வைத்துப் பழகுங்கள். முழுப் போர்வையையும் சட்டத்தில் விரித்துத் தைக்கும் பெரிய லாங்ஆர்ம் மெஷின் வைத்திருப்பவரிடம் கொடுத்து முடிப்பதும் ஒரு வழி, இணைப்பதுதான் பிடிக்கும் என்பவர்கள் தாராளமாகச் செய்யலாம்.

கையால் குயில்ட்டிங் போட 14 அங்குல வட்டச் சட்டம், குட்டையான பிட்வீன்ஸ் ஊசி, நடுவிரலில் திம்பிள் என்ற விரலுறை, கைக்குயில்ட்டிங் நூல் வேண்டும். ஊசி எண் கூடக் கூடச் சின்னதாகும், 8 அல்லது 9இல் ஆரம்பியுங்கள். கைக்குயில்ட்டிங்குக்கு விற்கும் மெழுகுபோல் பூச்சுள்ள நூலை மெஷினில் போட வேண்டாம், பூச்சு உதிர்ந்து நூல் இறுக்கும் தட்டில் ஒட்டும். சட்டத்தில் துணியைத் தம்பட்டம்போல் இறுக்காமல் கொஞ்சம் தொய்வாக வைத்தால்தான் ஊசியை மேலும் கீழும் ஆட்டி மூன்று நான்கு தையல் ஏற்ற முடியும். அங்குலத்துக்கு 8 முதல் 10 தையல் என்பது தேர்ந்த கையின் அளவு. புதியவருக்கு அது தேவையில்லை, தையல் சின்னதாக இருப்பதைவிட ஒரே சீராக இருப்பதே கண்ணுக்கு இதம்.

இந்த இரண்டுக்கும் நடுவில் ஒன்று இருக்கிறது, நான் பெரும்பாலும் சிபாரிசு செய்வதும் அதைத்தான்: தடித்த நூலில் பெரிய தையல். 8ஆம் எண் பெர்ல் காட்டன் நூல், அது நுழையும் காதுள்ள எம்ப்ராய்டரி ஊசி, அங்குலத்துக்கு நாலைந்து தையல், கோட்டுக்குக் கோடு இரண்டு மூன்று அங்குல இடைவெளி. நுண்ணிய கைக்குயில்ட்டிங்கில் மூன்றில் ஒரு பங்கு நேரம்கூட ஆகாது, தையல் மறைந்துபோகாமல் தானே ஒரு அலங்காரமாக நிற்கும், கைவேலை என்பதும் தூரத்திலிருந்தே தெரியும். மெஷினில் இணைத்த மேல்துணிக்கு இதைப் போட்டால் யாரும் மெஷினைக் கவனிக்க மாட்டார்கள்.

எல்லாவற்றிலும் வேகம் வேண்டுமென்றால் முடிச்சு. தடித்த நூலை மூன்று அடுக்கிலும் குத்தி எடுத்து இரட்டை முடிச்சுப் போட்டு வெட்டிவிடுவது. நம் சதுரப் போர்வையில் நான்கு மூலை சந்திக்கும் இடங்கள் மொத்தம் 165, அத்தனை முடிச்சு போட்டால் வேலை முடிந்தது. கைக்குழந்தைக்கு இந்த வகை வேண்டாம், நூல் முனையை இழுத்து வாயில் வைக்கும்.

எந்த முறையானாலும் அடுக்கும்போது தற்காலிகமாகப் பிடித்து வைக்க வேண்டும், அதிலும் வேறுபாடு உண்டு. மெஷினுக்கு நான்கு அங்குலத்துக்கு ஒன்றாக வளைந்த சேஃப்டி பின். கைக்கு நீளமான வெள்ளைநூல் தையல், ஏனென்றால் பின் வட்டச் சட்டத்தில் மாட்டிக்கொள்ளும். அடித்துணி மேல்துணியைவிட ஒவ்வொரு பக்கமும் இரண்டு மூன்று அங்குலம் பெரிதாக இருக்கட்டும். இந்த வேலையைச் சலிப்பென்று அவசரமாக முடித்தால் பின்பக்கம் முழுக்கச் சுருக்கம், அதைப் பிரித்துச் சரிசெய்வதைவிடப் புதிதாகத் தைத்துவிடலாம்.

ஓரப்பட்டி

இதில் பெரிய விவாதம் இல்லை. 2½ அங்குல அகலப் பட்டி, இரண்டாக மடித்து, முன்பக்கம் மெஷினில் இணைத்து, பின்பக்கம் மடித்துக் கையால் எம்மிங் செய்யுங்கள். நம் போர்வைக்குத் துணியின் முழு அகலத்தில் வெட்டிய ஆறு பட்டி போதும். அடிக்கடி வாஷிங் மெஷினில் போகப்போகும் குழந்தைப் போர்வைக்கு மட்டும் இரண்டு பக்கமும் மெஷினே நல்லது, முதலில் தேய்ந்து பிரிவது ஓரம்தான்.

சரி, யாருக்கு எது?

வீட்டில் மெஷின் இருக்கிறது, வார இறுதியில் நேரம் கிடைக்கிறது, முதல் போர்வை என்றால்: லாக் கேபின் அல்லது வெறும் சதுரம், மெஷினில் இணைப்பு, 80/20 பேட்டிங், தடித்த நூலில் கையால் பெரிய தையல். மெஷினே இல்லை, உதிரி நேரம்தான் என்றால் 4 அங்குலச் சதுரங்களைக் கையால் ஓட்டுத்தையலில் இணைத்து அதே பெரிய தையலில் முடியுங்கள். மெஷின் இல்லாதது ஒரு தடையே இல்லை. கையில் பை நிறையப் பழைய பருத்தித் துணி, அளவெடுக்கப் பிடிக்காது, மெல்லிய போர்வை போதும் என்பவர் யோசிக்காமல் கவாண்டி பக்கம் போகலாம். அறுகோண ஆசை உள்ளவர் அதைத் தனியாக ஒரு டப்பாவில் வைத்துக்கொண்டு, இன்னொரு பக்கம் சீக்கிரம் முடியும் ஒரு போர்வையையும் தைத்து வருவது புத்திசாலித்தனம், இல்லையென்றால் ஒரு போர்வைகூடக் கையில் இல்லாமலே ஆர்வம் வற்றிவிடும்.

தேதி குறித்த பரிசு, உதாரணமாக அடுத்த மாதக் கல்யாணத்துக்கு என்றால் கைக்குயில்ட்டிங்கை மறந்துவிடுங்கள். மெஷினில் சதுரம், உப்பலான பாலியெஸ்டர், 165 முடிச்சு, மெஷின் ஓரம். மணமக்களிடம் எப்படித் துவைப்பது என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்துவிடுங்கள்: குளிர்ந்த நீர், மெதுவான சுழற்சி, நிழலில் உலர்த்தல்.